ஆறு பேருக்கு ஒரு தாள்

எங்கள் கலைக்கூடத்தில் தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். கண்டி ஏரிக்கு மேலே, மேட்டு வீதியில், ஒரு பழைய பங்களாவைத் திருத்திப் படங்கள் மாட்டி வைத்திருக்கிறார்கள். டிக்கெட் கிழிப்பது, கடிதம் அடிப்பது, படங்களுக்குக் கீழே ஒட்டும் அட்டைகளில் தமிழ் எழுதுவது எல்லாம் இந்த இராஜகுமாரியின் தலையில். லீவு மட்டும் ஒரு ஆளுக்குரியதுதான்.

வருஷத்தில் மூன்று சனிக்கிழமைகளில் ஓர் எழுத்தாளரை அழைத்து, எங்கள் படங்களைப் பார்த்துப் பிள்ளைகள் கதை எழுதும் பட்டறை நடத்துவோம். ஒன்று சிங்களத்தில், ஒன்று இங்கிலீஷில், ஒன்று தமிழில். சிங்கள, இங்கிலீஷ் நாட்களில் பிள்ளைகள் எழுதிய கதைகள் அந்தந்தப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு மாதம் தொங்கும். தாய் தகப்பன் வந்து போட்டோ பிடித்துக்கொண்டு போவார்கள். தமிழ் நாள் போன வருஷம்தான் தொடங்கியது. அதற்குக் கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர் இரண்டரை மணி நேரம் பேசினார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சுவரில் மாட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. டிரெக்டர் மெடம் நல்லவர். ஆனாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: இந்த முறை பத்துப் பிள்ளைகளின் கதையாவது சுவருக்கு வர வேண்டும், வராவிட்டால் அடுத்த வருஷம் தமிழ் நாள் இல்லை.

அதனால்தான் நான் றலியாவைப் பிடித்தேன்.

றலியா அலவத்துகொடையில் இருக்கிறாள். ஓ.எல். பரீட்சைக்குப் படித்த காலத்தில் எங்கள் இருவருக்கும் கண்டியில் ஒரே டியூஷன் வகுப்பு, ஒரே வாங்கு. நான் அண்ணன் முறையாக நானா என்று கூப்பிடும் அவளுடைய கணவர் தாஸிம், மாத்தளை வீதியில் கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கி விற்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன் றலியா, 'பஸ்ஸில் போன பூனை' என்று பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் எழுதி அச்சடித்தாள். அலவத்துகொடைப் பூனையொன்று யாருக்கும் சொல்லாமல் கண்டி பஸ்ஸில் ஏறிவிடும் கதை. நான் அதை பஸ்ஸில் இருந்து வாசித்துத் தனியாகச் சிரித்ததில், பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

பட்டறைக்கு இரண்டு நாள் இருக்க, வியாழக்கிழமை பின்னேரம், மிச்சம் மீதி பேசி முடிக்க அவள் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கு முன்னால் சீமெந்துத் தரை முழுக்கப் பாய் விரித்துக் கராம்பு காயப் போட்டிருந்தார்கள். வாசம் வீதி வரைக்கும் வந்தது. தாஸிம் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பலகைக் கட்டையால் கராம்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"வாங்கொ தங்கச்சி, வாங்கொ. ஒங்கட மெடம் நல்லா ஈக்கிறாங்களா?"

"இருக்காங்க நானா. சனிக்கிழமையை நினைச்சாத்தான் எனக்குக் காய்ச்சல் வருது."

"அதுக்கெல்லாம் என்னத்துக்கு காய்ச்சல்? புள்ளைகள் எத்தின பேரு?"

"முப்பத்தாறு."

"முப்பத்தாறா? நல்ல எண்ணிக்கை." அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். "பகல் சாப்பாடு என்ட பொறுப்பு. ஒங்கட மெடத்துக்கிட்ட சொல்லிருங்கொ. ஒண்டுக்கும் யோசிக்க வேணாம்."

முப்பத்தாறில் அப்படி என்ன நல்லது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அதற்குள் மலைப் பக்கம் இருண்டு பெருந்துளி விழத் தொடங்கியது. "கராம்பு! கராம்பு!" என்று தாஸிம் நானா போட்ட சத்தத்தில் றலியா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். மகள் நுஸ்ஹா, பத்து வயது, கொப்பியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நானும் கைப்பையை வாசலில் எறிந்துவிட்டு ஒரு பாயின் மூலையைப் பிடித்தேன். பாயை நான்கு பக்கமும் மடித்து, கராம்பு சிந்தாமல் உள்ளே இழுக்க வேண்டும். கராம்பு ஒரு முறை நனைந்தால் நிறம் கெட்டுவிடும், பிறகு ஒருவரும் தொட மாட்டார்கள். எட்டுப் பாயையும் இழுத்து முடிக்கும்போது எங்கள் எல்லோர் முதுகும் நனைந்திருந்தது. கராம்பு நனையவில்லை. தாஸிம் நானா பாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுத்தான் தன் தலையைத் துடைத்தார்.

அடுப்படியில் றலியா எனக்கு அவித்த மரவள்ளியும் கட்டச் சம்பலும் வைத்து, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டியும் ஊற்றித் தந்தாள். கூரையில் மழை அடித்த அடியில் நாங்கள் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது.

"ராஜி, ஒரு விசயம் சொல்லணும். சனிக்கிழமையோட நான் இத விட்டுர்ற எண்ணம்."

"எதை?"

"எழுதுறத."

நான் மரவள்ளித் தட்டைக் கீழே வைத்தேன். "பைத்தியமாடி உனக்கு?"

"ரெண்டாவது புத்தகம் பாதில நிக்கிது, ஒரு வருசமா. ஆருக்கு எழுதுறதெண்டே வெளங்குதில்ல. மொதல் புத்தகத்த மாமி, மச்சிமாரு எல்லாருக்கும் ஒண்டு ஒண்டு குடுத்தேன். கண்ணாடி அலுமாரிக்குள்ள பீங்கானோட வெச்சீக்கிறாங்க. நல்ல மரியாதைதான், இல்லேண்டு சொல்லல்ல. ஒருத்தரும் தொறந்து பாக்கல்ல."

"நானா கூடவா வாசிக்கல?"

"நுஸ்ஹாட வாப்பாவா? கேட்டா, சீசன் முடியட்டும் எண்டுவாரு. கராம்பு முடிஞ்சா மொளகு, மொளகு முடிஞ்சா சாதிக்கா. அவருக்கு எப்பயும் சீசன்தான்." அவள் சிரித்தாள், ஆனால் கோப்பையைக் கழுவிய கை நிற்கவில்லை. கழுவியதையே மறுபடி கழுவினாள். "சனிக்கிழம அந்தப் புள்ளைகள் எழுதினா, சரி, இதில என்னமோ ஈக்கி, நான் சும்மா கெடந்து மெனக்கெடல்ல எண்டு நெனைப்பேன். எழுதாட்டி அந்தக் கொப்பிய மடிச்சி வெச்சிட்டு கராம்புக் காம்பு பொறுக்குவேன். அது காசாச்சும் தரும்."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அதைவிட அந்தக் கண்ணாடி அலுமாரிகள்மேல் வந்தது. "உன் பூனை மேல சத்தியமா அந்தப் பிள்ளைங்க எழுதும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பிள்ளைகளை நம்பிச் சொன்னேனா, அவளுக்காகச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

*

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்று பாடசாலைப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். கம்பளைப் பிள்ளைகள் குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி திறீவீலர்களில் நெருங்கி வந்தார்கள். அலவத்துகொடைப் பிள்ளைகள், நுஸ்ஹாவும் சேர்த்து, றலியாவோடு வேனில் வந்தார்கள். கண்டி டவுன் பிள்ளைகளைத் தாய்மார் கையில் பிடித்துக் கூட்டி வந்து, தலையை வாரிவிட்டு, வாரிய தலையை இன்னொரு முறை வாரிவிட்டுப் போனார்கள். எல்லோரும் பத்து, பதினொரு வயது. கம்பளைப் பையன் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று வரவில்லை.

பெரிய மண்டபத்தில் கதிரைகளை வரிசையாகப் போட்டது நான்தான். அது என் பிழை. ஒவ்வொரு பாடசாலையும் ஒவ்வொரு வரிசையில் போய் இருந்துகொண்டது. ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் அந்தந்தப் பாடசாலையின் ஆசிரியர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

றலியா வெள்ளை ஃபர்தாவை மூன்று தரம் சரிசெய்துவிட்டுப் பூனைக் கதையின் முதல் அத்தியாயத்தை மட்டும் வாசித்தாள். நல்ல வாசிப்பு. பூனை பஸ்ஸின் பின் படியில் ஏறும் இடத்தில் பிள்ளைகளுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் சிரிப்பதற்கு முன் திரும்பி ஆசிரியரின் முகத்தைப் பார்த்தார்கள். அங்கே சிரிப்பு இல்லை. அதனால் விழுங்கிவிட்டார்கள்.

பிறகு அவள் படங்களைக் காட்டினாள். ஒன்றில் ஆற்றில் யானை குளித்தது. ஒன்றில் இரண்டு பெண்கள் ஜன்னலடியில் இருந்து ஏதோ இரகசியம் பேசினார்கள். பிள்ளைகள் எல்லோரும் கூடி நின்று பார்த்த படம் வேறு: பச்சைக் கதவொன்றுக்கு வெளியே குடையோடு ஒரு மனிதர் நிற்கிறார். முதுகு மட்டும்தான் தெரியும். கதவு சாத்தியிருக்கும்.

"விருப்பமான ஒரு படத்த எடுத்துக்கொங்கொ. அதில ஈக்கிற ஆளுக்கு என்ன நடந்திச்சி, இனி என்ன நடக்கும்? ஒங்களுக்குத் தோணுறத எழுதுங்கொ" என்றாள்.

முப்பத்தைந்து கொப்பிகள் திறந்தன. பென்சில்கள் ஓடின. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அது பத்து நிமிஷம்தான் நீடித்தது. பின்னால் நின்ற ஆசிரியர்கள் குனிந்து குனிந்து காதில் சொல்லிக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

கொப்பிகளை வாங்கிப் பார்த்தோம். 'கலை என்பது மனித உள்ளத்தின் ஒளியாகும்' என்று ஒரு வரிசை முழுதும் எழுதியிருந்தது. 'எமது தாய்நாடு கலைகளின் பொக்கிஷமாகும்' என்று அடுத்த வரிசை. குடைக்கார மனிதரைப் பற்றி ஒரு சிறுமி, 'குடையானது மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் எம்மைக் காக்கின்றது' என்று தொடங்கிக் குடையின் பயன்கள் ஐந்தையும் இலக்கம் போட்டு எழுதியிருந்தாள்.

டிரெக்டர் மெடம் வந்து கேட்டார். நான் நான்கைந்தைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் ஒன்றுதானே, ராஜகுமாரி? இதில் பிள்ளை எங்கே?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தபடியால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

றலியா பின் அறைக்குள் போய்த் தண்ணீர் குடித்தாள். நான் பின்னால் போனேன்.

"பகலுக்குப் பிறகு இன்னொரு முறை பார்ப்போம்டி."

"என்னத்தப் பாக்கிற? அந்தப் புள்ளைகள்ல ஒரு குத்தமும் இல்ல. எனக்குத்தான் எடுக்கத் தெரியல்ல." அவள் குரல் உடைந்தது. "வீட்டுல ஒருத்தரும் தொறக்காத புத்தகத்தத் தூக்கிக்கொண்டு கண்டிக்கு வந்தீக்கிறேன் பாரு. பெரிய எழுத்தாளர்."

நான் அவள் கையிலிருந்த கிளாஸை வாங்கி மறுபடி தண்ணீர் ஊற்றினேன். அந்த நேரம் வாசலில் வேன் வந்து நின்றது.

*

தாஸிம் நானா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அவரோடு அலவத்துகொடைச் சமையல்காரர் சாஹுல் ஹமீது. வேனின் பின் கதவைத் திறந்ததும் நெய்ச்சோற்று வாசம் மேட்டு வீதி முழுக்கப் பரவியது. நான் சாப்பாடு கட்டிய பாசல்களைத் தேடினேன். ஒன்றுமில்லை. இருந்தவை இரண்டு கிடாரம், நான்கைந்து சட்டி, சுருட்டிய பாய்கள், கை கழுவும் செம்பு, கழுவிய தண்ணீர் விழும் படிக்கம், பிறகு வண்டிச் சில்லு அளவில் ஆறு பெரிய தட்டுகள்.

"நானா, பாசல் எங்க?"

"என்ன பாசல்?"

"பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பாசல்! முப்பத்தாறு பாசல்!"

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "விருந்துக்கு வந்த புள்ளைகளுக்கு பாசல் கட்டிக் குடுக்கிறதா தங்கச்சி? முப்பத்தாறு பேரு, ஆறு சஹன். கணக்கு சரியாத்தானே ஈக்கி?"

அப்போதுதான் அந்த நல்ல எண்ணிக்கை எனக்கு விளங்கியது. இவர்கள் ஊரில் கலியாணமென்றாலும் கந்தூரியென்றாலும் ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவார்கள். எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு மனதுக்குள் ஆறால் பிரித்துக்கொள்வார்கள். பாசல் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, றலியாவுக்கும் தோன்றவில்லை.

படங்கள் உள்ள மண்டபத்தில் சாப்பாடு கூடாது. வெளியே மழை பிடித்துவிட்டது. மிஞ்சியது பின் விறாந்தைதான். மெடம் தட்டுகளைப் பார்த்து, "ஒரே தட்டிலா? பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் தெரியாதே" என்றார். ஆசிரியர்களுக்கும் சங்கடம். தாஸிம் நானா அதற்குள் பாய்களை விரித்துவிட்டார். பந்தி இருத்துவதில் அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். பாடசாலை, வரிசை ஒன்றும் பார்க்கவில்லை. "பொம்புளைப் புள்ளைகள் அந்தப் பக்கம் மூணு சஹன், பொடியன்மார் இந்தப் பக்கம். வாற வாற மாதிரி இரிங்கொ. நெருங்கி, நெருங்கி" என்று தோளைத் தொட்டுத் தொட்டு இருத்தினார். பார்க்கும்போது மூன்று பாடசாலையும் கலந்துவிட்டது. நான் காலையில் போட்ட கதிரைகளை நினைத்து வெட்கப்பட்டேன்.

கடைசித் தட்டில் ஐந்து பையன்கள்தான். காய்ச்சல்காரப் பையனின் இடம் காலி.

"அஞ்சு பேரோட சஹன் தொறக்கிறல்ல" என்றார் தாஸிம் நானா. சுற்றிப் பார்த்தார். சாஹுல் ஹமீது கையில் அகப்பையோடு நின்றார். ஆசிரியர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "அப்ப நான்தான்" என்று சாரத்தை ஒதுக்கிக்கொண்டு பையன்களுக்கு நடுவில் இருந்தார்.

செம்பும் படிக்கமும் சுற்றி வந்தன. எல்லோரும் கை கழுவினார்கள். அந்தக் கடைசித் தட்டின் சோற்றுக்கு நடுவில் பொரித்த கோழியை வைக்க சாஹுல் ஹமீது குனிந்தபோது, துஷாந்த் என்ற கம்பளைப் பையன் கையை இழுத்துக்கொண்டான்.

"அங்கிள், நான் சனிக்கிழமை மச்சம் சாப்பிட மாட்டேன். அம்மா விரதம். நானும் பிடிக்கிறேன்."

தாஸிம் நானா கோழிச் சட்டியைக் கையால் தள்ளினார்.

"அப்ப இந்த சஹனுக்கு இண்டைக்கு மச்சம் இல்ல. சாஹுல் ஹமீது, அந்தக் கஜுக் கறிய முழுசா இங்க கொண்டுவாங்கொ. பருப்பும், கத்திரிக்கா மோஜுவும்."

அலவத்துகொடைப் பையன் இப்ஹாமுக்குப் பொறுக்கவில்லை. "தாஸிம் மாமா, மத்த சஹன்ல எல்லாம் கோழி ஈக்கே!"

"ஒரு சஹன்ல இருந்தா ஒரு சாப்பாடுதான். கஜு வேணாமெண்டா சொல்லு, அந்தப் பக்கம் குடுக்கிறேன்."

"வேணாமெண்டு ஆரு சொன்ன?" என்று இப்ஹாம் அவசரமாகச் சொன்னான். கஜுக் கறி மலையாக வந்து விழுந்ததைக் கண்டு மற்றத் தட்டுப் பையன்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

தெரியாதவர்களோடு ஒரே தட்டில் கை வைப்பது முதலில் கஷ்டம்தான். டவுன் பிள்ளை சஞ்சீவனி விரல் நுனியால் மூன்று சோறு எடுத்தாள். பக்கத்தில் இருந்த நுஸ்ஹா, "பயப்படாதீங்க, ஒங்கட பக்கத்துக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. அவங்கவங்கட முன்னுக்கு ஈக்கிறதத்தான் சாப்பிடுற. நடுவுல ஈக்கிறது மட்டும் எல்லாருக்கும்" என்று விளக்கினாள். நடுவில் இருந்த கோழியைப் பங்கு பிரிக்கத் தொடங்கியதும் வாய் திறந்துவிட்டது. யாருக்குக் கால், யாருக்கு நெஞ்சு என்று பேசியவர்கள், சோறு இறங்க இறங்க காலையில் பார்த்த படங்களுக்குப் போய்விட்டார்கள். இப்போது காதுக்குப் பின்னால் ஆசிரியர் இல்லை.

"அந்த ஆளு ஏன் கதவுக்கு வெளிய நிக்கிறாரு?" என்று துஷாந்த் கேட்டான்.

"சாவியத் தொலச்சீப்பாரு."

"இல்லடா, அவரு கடன்காரன். உள்ளுக்கு ஆளிருந்தும் தொறக்கிறாங்கல்ல."

"அது அவர்ட சொந்த வீடு. லேட்டா வந்தீக்கிறாரு. பொஞ்சாதி கோவம்" என்றான் இப்ஹாம். பையன்கள் தாஸிம் நானாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

தண்ணீர்ச் செம்போடு நின்ற றலியா அசையாமல் நின்றுவிட்டாள். யாரோ தண்ணீர் கேட்டும் அவளுக்குக் கேட்கவில்லை. பிறகு செம்பை என் கையில் திணித்தாள்.

"ராஜி, பெரிய தாள் ஈக்கா? இந்தப் பாயளவுக்கு?"

படம் பொதியும் பெரிய தாள் ஒரு சுருள் ஸ்டோரில் இருந்தது. "இருக்கு."

"ஆறு வெட்டிக் கொண்டுவா. டீச்சர்மாரக் கூட்டிக்கொண்டு போயி எங்கயாச்சும் இருத்து."

ஆசிரியர்களை முன் ஒஃபிஸில் இருத்தி, ஆளுக்கு இரண்டு துண்டு வட்டிலப்பமும் தேத்தண்ணியும் வைத்துக் கதவைச் சாத்தினேன். அன்று நான் செய்த வேலைகளில் மிகப் பெரியது அதுதான்.

*

தட்டுகளை எடுத்துவிட்டுப் பாய்களின் நடுவில் தாளை விரித்தோம். ஒருவரும் இடம் மாறவில்லை.

"சஹன்ல இருந்த மாதிரியே இரிங்கொ" என்றாள் றலியா. காலையில் இருந்த நடுக்கம் குரலில் இல்லை. "ஒரு சஹனுக்கு ஒரு படம். ஒவ்வொருத்தரும் ஒங்கட ஒங்கட பக்கத்திலருந்து எழுதுங்கொ. மத்தாக்கள்ட பக்கத்துக்குக் கை போடப்படாது, பாத்து எழுதப்படாது. எழுதி எழுதி நடுவுக்கு வாங்கொ. நடு எல்லாருக்கும். கத எப்பிடி முடியிறதெண்டு ஆறு பேரும் பேசி, நடுவுல ஒண்டா எழுதணும்."

பிள்ளைகள் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். சீருடைகள் கசங்கின. காலையில் கேட்காத சத்தமெல்லாம் கேட்டது. நடுவுக்கு வந்து சேர்ந்ததும் பெரிய சண்டைகள் தொடங்கின. யானையை ஆற்றிலிருந்து வெளியே எடுப்பதா விடுவதா என்று ஒரு தட்டுக்காரர் கத்தினார்கள்.

தாஸிம் நானா மெல்ல எழும்பப் பார்த்தார். துஷாந்த் விடவில்லை.

"அங்கிள், உங்க பக்கம் வெறுமையா இருக்கு."

"மகன், நான் சாமானுக்கு பில் துண்டு எழுதுற ஆளு. எனக்கு என்னத்த கத?"

"அஞ்சு பேரோட திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். கடைசியில் சட்டைப் பையிலிருந்து கடைப் பேனையை எடுத்து, கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுதி முடித்ததும் சட்டென்று எழும்பி, கழுவிய தட்டுகளை வேனுக்கு ஏற்றப் போய்விட்டார். நடுவை எழுதப் பையன்கள் கூப்பிட்டும் வரவில்லை.

மூன்று மணிக்கு மெடம் வந்தார். ஆறு தாளையும் மண்டபத் தரையில் வரிசையாக விரித்துப் பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் பக்கத்தை வாசித்தார்கள், நான் மெடத்துக்குச் சிங்களத்தில் சொன்னேன். ஜன்னலடிப் பெண்கள் இருவரும் ஒரு கலியாணத்தை நிற்பாட்டுவதற்குத் திட்டம் போடுகிறார்கள் என்று நுஸ்ஹா எழுதியிருந்தாள். அதே பெண்கள் ஒருவருக்கொருவர் பேன் பார்க்கிறார்கள் என்று சஞ்சீவனி எழுதியிருந்தாள். நடுவில், பேன் பார்த்து முடிவதற்குள் கலியாணம் நடந்து முடிந்துவிட்டது என்று ஆறு பேரும் சேர்ந்து முடித்திருந்தார்கள். மெடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பதற்கு இந்த முறை பிள்ளைகள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒன்றையும் வெட்டாதே, ராஜகுமாரி. முழுத் தாளாக மாட்டு. ஆறும் வேண்டும்" என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். றலியா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அதிலென்ன வெட்கம்?

கடைசித் தாள் குடைக்காரருடையது. ஐந்து பையன்களும் வாசித்தார்கள். சாவி தொலைந்தது, கடன் வந்தது, பொஞ்சாதி கோபித்தாள். ஆறாவது பக்கம் வந்தது. கடைத் துண்டு எழுதும் கிறுக்கல், பையன்களால் வாசிக்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

"கொண்டாங்கொ" என்று றலியா குனிந்தாள். அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியாததா? வகுப்பெடுக்கும் குரலிலேயே தொடங்கினாள்.

"'மழ விட்டு ரொம்ப நேரமாச்சி. இவரு இன்னம் குடய மடக்கல்ல. கதவத் தட்டவும் இல்ல. தட்டினா தொறப்பாங்க, அது இவருக்குத் தெரியும். உள்ளுக்கு ஈக்கிறவங்க இவர விட நெறய வெளங்கினவங்க. என்னத்தச் சொல்லித் தட்டுறதெண்டுதான் இவருக்குத் தெரியல்ல.'"

கடைசி வரிக்கு வரும்போது வகுப்பெடுக்கும் குரல் போய்விட்டது. தாஸிம் நானா விறாந்தைக் கதவடியில் படிக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம்.

"அப்ப நடுவுல என்ன?" என்று மற்றத் தட்டுக்காரர்கள் கேட்டார்கள்.

"நடுவை இன்னும் எழுதலை. அங்கிள் வரலை. ஆறு பேர் வேணுமே" என்றான் துஷாந்த்.

தாஸிம் நானா படிக்கத்தைக் கீழே வைத்தார். கையைச் சாரத்தில் துடைத்தார். பிள்ளைகள் காலையிலிருந்து றலியாவை எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே அவரும் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒரு விசயம் கேக்கணும்."

"கேளுங்கொ" என்றாள் றலியா.

"அந்தப் பூன கட்டுகஸ்தோட்டப் பாலத்தடில பஸ்ஸிலருந்து எறங்கிச்சே. பொறகு வீட்டுக்கு வந்திச்சா, இல்லயா?"

பூனை பாலத்தடியில் இறங்குவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில். பிள்ளைகளுக்கு அவள் வாசித்தது முதல் அத்தியாயம் மட்டும். அலுமாரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற ஒருவருக்கு இந்தக் கேள்வி வராது.

றலியா தாளடியிலிருந்து நிமிர்ந்தாள். "நீங்க எப்ப வாசிச்ச?"

"ரெண்டு தரம்" என்றார் அவர். கேட்டதற்கு அது பதிலில்லை. "கடயில வெச்சி. வெளங்கினது சரியா பிழையாண்டு தெரியல்ல. அதான் பேசல்ல."

முப்பத்தைந்து பிள்ளைகளும் பூனைக்கு என்ன ஆனதென்று அறிய வாயைத் திறந்துகொண்டு இருந்தார்கள். றலியா மூக்கை உறிஞ்சினாள். பிறகு சிரித்தாள்.

"பூன என்ன செஞ்சிச்செண்டு நான் இன்னம் எழுதல்ல."

"அப்ப எழுதுங்கொ" என்றார் தாஸிம் நானா. "எத்தின நாளைக்கு அது அந்தப் பாலத்தடில நிக்கிற?"

சொல்லிவிட்டுப் பையன்களின் தாளடிக்குப் போய், துஷாந்துக்கும் இப்ஹாமுக்கும் நடுவில் நெருங்கி இருந்தார். மெடம் என் கையைச் சுரண்டினார். காலையிலிருந்து ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தவள் இப்போது ஏன் வாயடைத்துப் போனேன் என்று அவருக்குக் குழப்பம்.

"என்ன நடந்தது, ராஜகுமாரி? அவர் என்ன கேட்டார்?"

"அடுத்த புத்தகம் கேட்டார், மெடம்" என்றேன்.